நூற்று நாற்பத்து மூன்று சுனைகள்

தம்பிராசாவின் உணவகத்தில் மதியக் கூட்டம் வடிந்த பிறகு, மாலைச் சமையல் தொடங்கும்வரை இரண்டு மணி நேரம் அடுப்படி ஓய்ந்திருக்கும். பியட்றிஸ் தன் அண்ணனோடு தொலைபேசியில் பேசுவது அந்த நேரத்தில்தான். பாரிஸில் பிற்பகல் மூன்று மணி என்றால் பெருவில் காலை எட்டு மணி. அண்ணன் கபிரியேல் மந்தையைப் பட்டியிலிருந்து திறந்துவிட்டு, சிக்னல் கிடைக்கிற ஒரே மேட்டின்மீது ஏறி நின்றுகொண்டிருப்பான்.

வர்ஷினி அந்தப் பேச்சை முதலில் கேட்டது 2011 அக்டோபரில். அவள் மன்னார்குடிக்காரி. புவியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கென்று பாரிஸ் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கணவன் மகிழன் கல்லூரியில் கூடப் படித்தவன். அவளுக்கு ஒரு வருடம் முன்பே வந்து, நில வரைபட மென்பொருள் வேலையில் இருந்தான். இருவரும் புறநகரான ஆர்ஜொந்தெய்யில் நான்காவது மாடியில் குடியிருந்தார்கள். சமைக்க அலுப்பான நாள்களில் அவள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு வந்து, தம்பிராசாவின் கடையில் அடுப்படிக் கதவை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

கதவுக்கு அப்பால் ஒரு பெண் வெங்காயம் உரித்தபடி, தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். தமிழும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. வர்ஷினிக்குத் தெரிந்த ஸ்பானிஷும் இல்லை. ஆனால் நடுநடுவே ஸ்பானிஷ் சொற்கள் விழுந்தன. பேச்சு முடிந்ததும் வர்ஷினி எழுந்து போய், அது என்ன மொழி என்று ஸ்பானிஷில் கேட்டாள்.

கெச்சுவா என்றாள் அந்தப் பெண். ஸ்பானிஷ் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக் கற்றது என்றும், இது வீட்டில் கேட்டு வளர்ந்தது என்றும் சொன்னாள்.

பியட்றிஸுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்தவள், இரண்டு வருடத்தில் அங்கிருந்து விலகி, இன்னொரு புறநகரான பொபினியில் ஓர் அறையில் இரண்டு பேரோடு தங்கி, தம்பிராசாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அடுப்படியில் வேண்டிய யாழ்ப்பாணத் தமிழ் அவளுக்கு வந்துவிட்டிருந்தது. ஆமாம் என்பதற்கு ‘ஓம்’ என்பாள், சீக்கிரம் என்பதற்கு ‘கெதியா’ என்பாள். வர்ஷினியைப் பார்த்த மூன்றாம் நாளே ‘தங்கச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

“உவளுக்கு ஒண்டும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை, பிள்ளை. கிழங்கைத் தொட்டுப் பார்த்தே எந்த மண் எண்டு சொல்லுவாள்,” என்றார் தம்பிராசா.

அவளுடைய ஊர் யுராக்பம்பா. ஆண்டீஸ் மலையில் நாலாயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு மாவட்டம். மாவட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட ஊராட்சி அலுவலகம், ஒரு பள்ளி, ஒரு கோவில், சதுரமான ஒரு மைதானம். அதைச் சுற்றி மரமே இல்லாத புல்வெளி, அரை நாள் நடைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் கல் வீடுகள். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். அல்பாக்கா மேய்ப்பார்கள்; நீண்ட கழுத்தும் அடர்ந்த ரோமமும் கொண்ட, செம்மறியைவிடச் சற்று உயரமான விலங்கு அது. கீழ்ச் சரிவில் உருளைக்கிழங்கு போட்டு, இரவுப் பனியில் உறையவைத்து, காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து, வெயிலில் காயவைப்பார்கள். அதன் பெயர் சுன்யோ. பத்து வருடம் வைத்தாலும் கெடாது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு வீடு, சிலருக்கு மூன்று. மழை மாதங்களில் ஒரு மேய்ச்சல், வறண்ட மாதங்களில் ஒரு மேய்ச்சல். எந்த வீட்டுக்கு எப்போது போவது என்பதைச் சுனைதான் முடிவுசெய்யும். எந்தச் சுனை எந்த மாதம் வற்றும், எது வற்றவே வற்றாது என்று ஊருக்குத் தெரியும். வெளியாள் வந்து பார்த்தால் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வான்.

இதையெல்லாம் பியட்றிஸ் வெங்காயம் உரித்தபடியே சொன்னாள். வர்ஷினி கூட உட்கார்ந்து உரித்தாள். ஒருநாள் பியட்றிஸ் ஒரு குறை சொன்னாள். கெச்சுவாவில் கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல ‘ஞொகஞ்சிக்’ என்றும், கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்ல ‘ஞொகாய்கு’ என்றும் இரண்டு சொல் உண்டு; ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் ஒன்றுதான்; பேசும்போது என்னைச் சேர்த்தார்களா விட்டார்களா என்றே புரிவதில்லை என்றாள். தமிழிலும் நாம், நாங்கள் என்று இரண்டு இருக்கிறது என்றாள் வர்ஷினி. பியட்றிஸ் கத்தியை வைத்துவிட்டுத் தம்பிராசாவிடம் போய் அது உண்மையா என்று விசாரித்தாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓம், இருக்கு. ஆனா நாங்கள் ரெண்டுக்கும் நாங்கள் எண்டுதான் சொல்லுவம்,” என்றார். அன்று மூன்று பேரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வர்ஷினி கெச்சுவா கற்றாள். அவளுடைய ஆய்வு வழிகாட்டி ரோசாலி, வேறெங்கும் தேடாதே, உன் ஆய்வு அந்த அடுப்படியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

ஆனால் வர்ஷினியைத் தன் ஊருக்கு அனுப்ப பியட்றிஸ் எளிதில் இசையவில்லை. எண்பதுகளில் படையினரும் ஆயுதக் குழுவினரும் மாறி மாறி வந்த காலத்தில், சுனைகளை ஒட்டிய குகைகளில் ஒளிந்துதான் அந்த ஊர் உயிர் பிழைத்திருந்தது. அப்போது அவளுக்கு ஒன்பது, பத்து வயது. யார் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று யாரோ ஒருவன் காட்டிக் கொடுத்ததில் ஒரு குடும்பமே போயிற்று. அதன்பிறகு வெளியாட்களுக்குச் சுனை காட்டுவதில்லை என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். ஒரு வருடத்துக்குமேல் யோசித்து, பியட்றிஸ் ஒருநாள் அண்ணனிடம் பேசினாள். கபிரியேல் அப்போது ஊர்ச் சபையின் தலைவன். தங்கை சொன்னாள் என்பதற்காக அவன் சபையைக் கூட்டினான்.

2013 மே மாதம் வர்ஷினி யுராக்பம்பாவுக்குப் போனாள். சபை ஒரு நிபந்தனை போட்டது. சுனைகளைக் குறித்து அவள் வரையும் படம் முதலில் ஊருக்கு வர வேண்டும். ஊர் சொல்லாமல் வேறு யார் கைக்கும் போகக் கூடாது. சபையின் நடவடிக்கைப் புத்தகத்தில் அதை எழுதி, அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உன் எழுத்திலேயே போடு என்றார் ஒரு பெரியவர். அவள் தமிழில் போட்டாள்.

பதினோரு வாரம் கபிரியேல் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தான். அதிகம் பேசாதவன். மூச்சு வாங்கி அவள் உட்காரும்போதெல்லாம், எதையோ தேடுவதுபோல முன்னால் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொள்வான். நூற்று நாற்பத்து மூன்று சுனைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், குடிக்கிற குடும்பங்கள், வற்றுகிற மாதம், சில வேளை ஒரு கதை. ஏழு நோட்டுப் புத்தகங்கள் நிறைந்தன. எண்பத்தேழாவது சுனையின் பெயர் ‘வாகக் புக்யு’, அழுகிற சுனை. அன்று குளிரில் இடம் குறிக்கிற அவளுடைய கருவியின் பேட்டரி செத்துவிட்டதால், மாலையில் நினைவிலிருந்துதான் அதன் இடத்தைக் குறித்தாள்.

பாரிஸ் திரும்பியதும் படங்களை மகிழன் செய்து கொடுத்தான். அது அவன் தொழில். வார இறுதிகளில் வீட்டு மேசையில் அவன் கணினி முன்னால் இருக்க, அவள் நோட்டைப் பார்த்துப் படித்துச் சொல்வாள். அவன் பெயர்களைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பான். அவர்களுடைய திருமண வாழ்க்கையில் அவள் பிறகு நினைத்துப் பார்க்கிறபோது மிகவும் வலித்தது அந்த வார இறுதிகள்தான். அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

ஜனவரியில் கபிரியேலோடு பேசும்போது வாகக் புக்யு மலை முகட்டின் கிழக்கே இருப்பது தெரிந்தது. அவள் மேற்கே குறித்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் இருந்த தன் பிரதியில் அதைத் திருத்தினாள். பிப்ரவரியில் திருத்திய படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஊருக்கு அனுப்பினாள். சபை அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியதாக கபிரியேல் சொன்னான். பியட்றிஸ் அன்று தானே மாவு பிசைந்து ஒரு ரொட்டி சுட்டு அவளுக்குக் கொடுத்தாள்.

*

2015 மார்ச்சில் ஒரு வியாழக்கிழமை, தம்பிராசா வர்ஷினியைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் அழைப்பது அதுவே முதல் தடவை. ஒருக்கா வந்துபோட்டுப் போ பிள்ளை என்று மட்டும் சொன்னார்.

அடுப்படியில் பியட்றிஸ் எதுவும் உரிக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வர்ஷினியைக் கண்டதும் தொலைபேசியை மேசையில் வைத்துத் தள்ளினாள்.

அதில் கபிரியேல் எடுத்து அனுப்பிய ஒரு படம். நடந்ததை பியட்றிஸ் சொன்னாள். சுரங்கக் கம்பெனி ஒன்றின் பொறியாளர்கள் இரண்டு வண்டிகளில் வந்திருக்கிறார்கள். வண்டியின் முகப்பில் ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கேட்காமலேயே சுனைசுனையாகப் போயிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த அறிக்கை, இங்குள்ள ஊற்றுகள் பருவகாலக் கசிவுகள் என்றும், நிரந்தரமாகப் பயன்படுத்துவோர் இல்லை என்றும், ஒரே ஒரு நீர்த்தேக்கம் கட்டினால் ஈடாகிவிடும் என்றும் சொன்னது. கபிரியேல் அந்த வரைபடத்தைத் தன் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டான். ஊர்ச் சபை கூடி, வெளியாளைக் கொண்டுவந்தவன் என்று அவனைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியது. சுனையில் தண்ணீர் எடுக்கிற முறையில் அவனுடைய குடும்பத்தைக் கடைசிக்குத் தள்ளியது.

வர்ஷினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெயர்கள் இல்லை, ஒன்று முதல் நூற்று நாற்பத்து மூன்று வரை எண்கள் மட்டும். அவளுடைய வரிசையேதான். எண்பத்தேழு மலை முகட்டுக்கு மேற்கே இருந்தது.

அவள் திருத்தாமல் விட்ட அந்தப் பிழை உலகத்தில் ஒரே ஒரு கணினியில்தான், வீட்டு மேசைமேல் இருந்த கணினியில்தான் இருந்தது.  இது நான் கொடுத்தது இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை.

“நாங்கள் உனக்குக் காட்டினோம்,” என்றாள் பியட்றிஸ் கெச்சுவாவில். “நாங்கள் கதவைத் திறந்தோம். என் அண்ணன் உன்னை முன்னால் நடக்கவிடாமல் தான் முன்னால் நடந்தான், நீ விழுந்துவிடக் கூடாது என்று.”

யுராக்பம்பாவைப் பற்றி வர்ஷினியோடு பேசும்போதெல்லாம் அவள் கொஞ்ச காலமாக ‘ஞொகஞ்சிக்’ என்றுதான் சொல்லி வந்தாள். நம் சுனை, நம் மலை. இப்போது சொன்னது ‘ஞொகாய்கு’. சத்தம் போடவில்லை. 

யார் என்று தெரியும், சாயங்காலத்துக்குள் உறுதியாகத் தெரிந்துவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு, படத்தைத் தன் தொலைபேசிக்கு அனுப்பிக்கொண்டு வர்ஷினி வெளியே வந்தாள். தம்பிராசா வாசல்வரை கூட வந்தார். அவர் வன்னியில் ஒரு கிராமத்துக்காரர், தொண்ணூறில் வந்தவர், 2009இல் அங்கிருந்த உடன்பிறந்தவர்களில் இருவரை இழந்தவர். அதைப் பற்றி வர்ஷினியிடம் பேசியதே இல்லை.

“எங்கட ஊரையும் ஆரோ ஒருத்தன் படம் கீறித்தான் குடுத்தவன், பிள்ளை,” என்றார். “அவன் ஆரெண்டு எங்களுக்கு இண்டைக்கும் தெரியாது. நீ தெரிஞ்சுகொண்டு வந்து சொல்லு.”

*

மகிழன் அன்று வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். முந்தைய இடத்தில் ஒப்பந்தம் முடிந்து, 2014 மே மாதம் ஒரு நீரியல் ஆலோசனை நிறுவனத்தில் நிரந்தர வேலையில் சேர்ந்திருந்தான். வர்ஷினி கோட்டைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை அவன் முன்னால் நீட்டினாள்.

“இது உன்கிட்ட இருந்து போனதுதான?”

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். “எங்க கிடைச்சுது?” என்றான்.

இது என்ன என்று அவன் கேட்கவில்லை. அது போதுமாக இருந்தது அவளுக்கு. கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் சொல்லிக்கொண்டே போனான். நேர்முகத் தேர்வில் உயர மலைகளின் தண்ணீர் பற்றி ஏதாவது செய்திருக்கிறாயா என்று கேட்டார்கள், காட்டினான். சேர்ந்த பிறகு அந்தக் கோப்பைக் கேட்டார்கள். மாதிரிக்குத்தானே என்று கொடுத்தான். எந்த ஊருக்கு என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

“எப்ப தெரிஞ்சுது?”

“ஜூலைல. ப்ராஜெக்ட் ஃபைல்ல பேரப் பாத்தேன்.”

ஜூலையிலிருந்து மார்ச். அவள் விரல்விட்டு எண்ணத் தேவையிருக்கவில்லை. அந்த எட்டு மாதங்களில் அவன் லாச்சப்பலுக்கு வந்திருக்கிறான். பியட்றிஸ் செய்த ரொட்டியைத் தின்று, அவளிடம் ஊரில் மழை எப்படி என்று விசாரித்திருக்கிறான்.

“பேரெல்லாம் எடுத்துட்டேன் வர்ஷினி,” என்றான். “ஆளுங்க பேரு, சுனை பேரு, எதுவுமே வெளிய போகல. வெறும் புள்ளி. அதுல யாருக்கு என்ன ஆயிடப்போகுதுன்னுதான்...”

“பேர எடுத்ததாலதான் மகிழ், அங்க ஆளே இல்லன்னு அவங்களால எழுத முடிஞ்சுது.”

அவன் மடிக்கணினியை மூடினான். பிறகு, அந்த வேலை கிடைக்காமல் போயிருந்தால் இருவரும் நாட்டைவிட்டே போக வேண்டியிருந்திருக்கும் என்றும், உன் ஆய்வும் நின்றிருக்கும் என்றும், நமக்காகத்தான் செய்தேன் என்றும் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனால் ஒன்றும் குறையவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று ஒருமுறை கேட்டாள். சொன்னால் நீ விட மாட்டாய் என்று தெரியும் என்றான். 

அந்த வாரமே பாரிஸின் ஸ்டாலின்கிராட் பகுதியில் இரண்டு மாணவிகளோடு ஓர் அறையில் போய்த் தங்கினாள்.

ரோசாலி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். எங்கள் ஊழியர் தானாகக் கொடுத்த கோப்பு, அதில் யாருடைய பெயரும் இல்லை என்று பதில் வந்தது. பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு விசாரிப்பதாகச் சொன்னது. அது எத்தனை மாதம் பிடிக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. வேகமான வழி ஒன்றுதான் என்றார் ரோசாலி. எந்தச் சுனையில் யார் குடிக்கிறார்கள் என்பது ஏழு நோட்டிலும் இருக்கிறது. அதை அப்படியே வெளியிட்டுவிட்டால் அறிக்கை நிற்காது.

வர்ஷினி ஒத்துக்கொள்ளவில்லை. ஊரைக் கேட்காமல் ஒருமுறை வெளியே போயிற்று, இன்னொரு முறை போகாது என்றாள்.

அவள் நேராக பியட்றிஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள், கணவனின் பெயரோடு. பியட்றிஸ் கேட்டுக்கொண்டாள். அவளால் ஊருக்குப் போக முடியாது. பொபினியில் வதிவிட அனுமதிக்குப் பேப்பர் கொடுத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. முடிவு வராமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர வழியில்லை.

“இதை நான் தொலைபேசியில் சொல்ல மாட்டேன்,” என்றாள். “நீ போ. சபையில் நின்று உன் வாயால் சொல்.”

*

மே மாதம் வர்ஷினி மறுபடி யுராக்பம்பாவுக்குப் போனாள். லாரியிலிருந்து இறங்கியபோது யாரும் அவளை வரவேற்கவில்லை. முன்பு தங்கியிருந்த வீட்டுக்காரி அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் இரவைக் கழித்தாள்.

காலையில் சபை கூடியது. பெண்கள் வழக்கம்போல ரோமம் நூற்றபடி தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கபிரியேல் பின்சுவர் ஓரமாக நின்றான். முன்னால் உட்கார அவனுக்கு இப்போது உரிமை இல்லை. புதிய தலைவர் நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து, அவள் பக்கத்தை எடுத்து உரக்கப் படித்துவிட்டு, இது உன் கையெழுத்தா என்று கேட்டார். ஆம் என்றாள்.

“யார் கொடுத்தது?”

“என் கணவன். என் வீட்டிலிருந்து போயிற்று. அந்தப் படத்தை அவனிடம் கொடுத்தது நான். அவன் கையும் வேறு கைதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.”

செயலாளர் அவனுடைய பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். ஐந்து வருடமாகக் கணவனாக இருந்தவனின் பெயர் அந்தப் புத்தகத்தில் ஏறுவதை நின்று பார்த்தாள். ஒரு பெண் நூற்பதை நிறுத்திவிட்டு, இன்னும் அவனோடு இருக்கிறாயா என்று கேட்டாள். இல்லை என்றதும் மறுபடி நூற்கத் தொடங்கினாள்.

ஏழு நோட்டுகளையும் வர்ஷினி மேசைமேல் வைத்தாள். வேறு பிரதி இல்லை என்றும், வெளியிடுவதோ எரிப்பதோ உங்கள் விருப்பம் என்றும் சொன்னாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு மூன்று மணி நேரம் பேசினார்கள். அவள் சுவரில் சாய்ந்து வெயிலில் உட்கார்ந்திருந்தாள். சூடே இல்லாத வெயில். உள்ளே குரல்கள் ஏறி இறங்குவது கேட்டது.

முடிவை செயலாளர் வாசித்தார். சுரங்கம் பற்றிய அரசாங்க விசாரணையில் ஊர் இந்த நோட்டுகளைப் பயன்படுத்தும். அவரவர் சுனையை அவரவரே எழுந்து நின்று சொல்வார்கள். வர்ஷினி தன் ஆய்வில் இதில் ஒரு வரியையும் சேர்க்கக் கூடாது. இனி சுனைகளுக்குப் போகக் கூடாது. கபிரியேலைப் பற்றிய முடிவில் மாற்றமில்லை.  அவனை விட்டுவிடுங்கள் என்று கேட்க எழுந்தாள். தலைவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

மறுநாள் லாரிவரை கபிரியேல் கூட வந்தான். இரண்டு வருடத்தில் பத்து வருடம் மூத்துப்போயிருந்தான். மேட்டில் ஏறும்போது அவன்தான் இந்தமுறை நின்று நின்று மூச்சு வாங்கினான். விடாத இருமல் ஒன்று இருந்தது. தங்கைக்கென்று ஒரு பை நிறையச் சுன்யோ கொடுத்தான். வர்ஷினியைத் திட்டவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

“நான் நன்றாக இருக்கிறேன் என்று அவளிடம் சொல்,” என்றான்.

அவள் தலையை ஆட்டவில்லை. அவன் அதைக் கவனித்தானா என்று தெரியவில்லை.

*

பாரிஸ் வந்த மறுநாள், மூன்று மணிக்கு, வர்ஷினி பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பியட்றிஸ் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து எதிரில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கட்டி வைத்தாள். பிறகு கேட்கத் தொடங்கினாள். சபையில் யார் யார் இருந்தார்கள், யார் எதிர்த்துப் பேசியது, மழைக்குப் பின் புல் எப்படி, தெற்கு வீட்டின் கூரை போட்டுவிட்டார்களா. ஊரைப் பார்க்காமல் எட்டு வருடம் ஆனவள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டாள். வர்ஷினி எதையும் விடாமல் சொன்னாள். மேசைமேல் தம்பிராசா வைத்துவிட்டுப் போன தேநீர் ஆறியது.

“அண்ணன்?” என்றாள் கடைசியில்.

“நன்றாக இருப்பதாகச் சொல்லச் சொன்னான்.”

“நீ பார்த்தாயே. நீ சொல்.”

வர்ஷினி சொன்னாள். இருமலை, நின்று நின்று ஏறியதை, பின்சுவர் ஓரமாக நின்றதை, தண்ணீர் முறையில் கடைசி என்பதை, மந்தையில் பாதியைக் கீழே மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவிட்டதை. பியட்றிஸ் கண்ணைத் துடைக்கவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

“உண்மையைச் சொன்னதற்கு நன்றி,” என்றாள் பிரெஞ்சில். எழுந்தாள். “இனி இங்கே வராதே. உன்மேல் கோபம் என்று இல்லை. உன்னைப் பார்க்கும்போதெல்லாம் நான்தான் அண்ணனிடம் உன்னை அனுப்பினேன் என்பது நினைவுக்கு வருகிறது. அந்த நினைவோடு என்னால் வெங்காயம் உரிக்க முடியாது.”

வர்ஷினி அதன்பிறகு போகவில்லை. நான்கு வருட ஆய்வைக் கைவிட்டாள். ரோசாலி வேறு தலைப்பு தருவதாகச் சொன்னார். அவளுக்கு மனம் வரவில்லை. ஒரு தனியார் பள்ளியில் புவியியல் கற்பிக்கும் வேலை கிடைத்தது. மகிழன் இரண்டு கடிதம் எழுதினான். இரண்டாவதில், தன்னை வேறு ப்ராஜெக்ட்டுக்கு மாற்றக் கேட்டு மாறிவிட்டதாக எழுதியிருந்தான். அவன் வேலையை விடவில்லை. அவள் பதில் போடவில்லை. வக்கீல் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, லாச்சப்பலில் அரிசி வாங்கிக்கொண்டு மெத்ரோ ரயில் பாலத்தின் கீழே அவள் நடந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து தம்பிராசா கூப்பிட்டார். கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார், ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.

“பிள்ளை, அந்த றிப்போட்டை அரசாங்கம் திருப்பி அனுப்பிப்போட்டுதாம். நாப்பத்தொரு குடும்பம் எழும்பி நிண்டு தங்கட சுனையின்ர பேரைச் சொன்னவையாம். முதல்ல இருந்து திரும்ப அளக்க வேணுமாம். சுரங்கம் இன்னும் நிக்கேல்லை, ஆனா இப்போதைக்கு வராது.”

கபிரியேலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவனை இன்னும் தலைவராக்கவில்லை. தண்ணீர் முறையை மட்டும் பழையபடி கொடுத்திருக்கிறார்களாம்.

அவள் அரிசிப் பையைக் கீழே வைத்தாள். “பியட்றிஸ் சொல்லச் சொன்னாங்களா அண்ணா?”

தம்பிராசா ஏப்ரனில் கையைத் துடைத்தார்.

“இல்லைப் பிள்ளை,” என்றார். “நான்தான் வந்தனான். நீ தெரிஞ்சுகொள்ள வேணும் எண்டு எனக்குத்தான் பட்டுது.”

மேலே ரயில் போய் முடியும்வரை இருவரும் நின்றார்கள். கடையில் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். வர்ஷினி பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டாலின்கிராட் பக்கம் போனாள்.